லாசோவும் பாசமும்

லாசோ என்ற ஆங்கிலச் சொல்லை என் வயதுக்காரர்களில் பலர் அறிந்துகொண்டது திரையரங்கில்தான். ஜெய்சங்கர் தொப்பி வைத்துக் குதிரையேறிய காலம் அது. இயக்குநர் கர்ணன் எடுத்த 'கங்கா' 1972இல் வந்தது. அதே ஆண்டில்தான் சிவகாசியில் முத்து காமிக்ஸும் தொடங்கியது. பின்னால் வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் போன்ற குதிரை வீரர்கள் தமிழ் பேசினார்கள். ஓடும் குதிரையின் மேலிருந்தபடி தலைக்கு மேல் கயிற்றைச் சுழற்றி எறிவார்கள். வளையம் போய் மாட்டின் கழுத்தில் விழும், இழுத்தால் இறுகும். அந்தக் கயிற்றுக்குப் பெயர் லாசோ. நாம் அதைச் சுருக்குக் கயிறு என்று சொல்லிக்கொண்டோம்.

இந்தச் சொல்லின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, நம் தூத்துக்குடிக் கரைக்கும் அதற்கும் என்ன உறவு என்று எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கயிறு இல்லாமல் ஒரு நாளும் நடக்காத ஊர் நம்முடையது. ஆகவே விஷயம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

முதலில் பொருள். ஒரு முனையில் ஓடுசுருக்கு போட்ட நீண்ட கயிறு, எறிந்து பிடிப்பதற்கானது, அதுதான் லாசோ. ஆங்கிலத்தில் அதையே வினைச்சொல்லாகவும் வழங்குவார்கள்: சுருக்கெறிந்து பிடித்தான் என்பதற்கு 'லாசோ செய்தான்' என்பார்கள். அமெரிக்கர் 'லாஸோ' என்பார்கள், ஆங்கிலேயர் பலர் 'லஸூ' என்பார்கள். இன்று கணினியில் படம் திருத்துகிற பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் தெரியும். படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் சுற்றிக் கோடு போட்டு எடுக்கும் கருவிக்கு அந்த மென்பொருளில் லாசோ என்றே பெயர்.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொற்கள் மூன்று. லாரியட் என்பதும் எறிகயிறுதான், ஆனால் குதிரையை மேயவிட்டு முளையில் கட்டும் கயிற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. நூஸ் என்பது கயிற்றைக் குறிக்காது, அதன் முனையில் உள்ள சுருக்கை மட்டும் குறிக்கும். தூக்கு மேடையில் தொங்குவதும் நூஸ்தான். ஸ்னேர் என்பது தரையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் கண்ணி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையிலேயே மாடு பிடிக்கும் அமெரிக்கத் தொழிலாளி லாசோ என்று அதிகம் சொல்வதில்லை. அவனுக்கு அது வெறும் 'ரோப்', கயிறு. பகட்டான பெயரெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

சொல் ஆங்கிலத்துக்குச் சொந்தமானதும் அல்ல. ஸ்பானிய மொழியின் 'லாசோ'வை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. லாரியட்டும் அப்படித்தான். 'லா ரியாட்டா' என்ற ஸ்பானியச் சொல்லின் தலையையும் உடலையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்துக்குக் குதிரையையும் மாட்டையும் கொண்டு போனார்கள். வேலியில்லாத புல்வெளியில் அவை பெருகின. அவற்றைப் பிடிக்கும் தொழிலும் அதற்கான கயிறும் அங்கே வளர்ந்தன. டார்வின் தம் கடற்பயண நூலில் இந்தக் கயிற்றை விவரிக்கிறார்: பச்சைத் தோலைப் பின்னிய மெல்லிய, ஆனால் மிக உறுதியான கயிறு, ஒரு முனை சேணத்தின் வாரோடு கட்டியிருக்கும், மறுமுனையில் சிறு உலோக வளையம், அதன் வழியாகச் சுருக்கு ஓடும். இதன் உடன்பிறப்பு போன்றது, கயிற்று முனைகளில் கல்லுருண்டை கட்டிய 'போலாஸ்'. டார்வின் அதை எறிந்து பழகியபோது அது அவர் குதிரையின் காலையே சுற்றிக்கொண்டது. தம்மைத் தாமே பிடித்துக்கொண்ட மனிதரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

ஸ்பானியத்துக்கும் முன்னால் போனால் லத்தீன் வருகிறது. 'லாக்வேயுஸ்' என்றால் சுருக்கு, கண்ணி. அதன் பிள்ளைகள் பலர். நம் செருப்புக் கடையில் கேட்கும் ஷூ லேஸில் உள்ள 'லேஸ்' அதில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் லேஸ் என்றாலும் சுருக்கு, கண்ணி என்றே பொருள் இருந்தது. பிறகு கட்டும் நாடாவாகி, அதற்கும் பிறகு நூலைச் சுருக்குச் சுருக்காகப் பின்னிய அலங்காரத் துணியாயிற்று. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820ஐ ஒட்டி நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த லேஸ் பின்னலைத்தான். மாடு பிடிக்கும் லாசோவும் நாகர்கோவில் லேஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு இந்தக் கடற்கரைக்கு எழுத்தராக வந்தவன். அதனால் இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். பிரெஞ்சில் செருப்புக் கயிறு 'லாசே'. வேடன் வைக்கும் கண்ணி 'லா'. எழுதும்போது அதன் கடைசியில் இரண்டு மெய்யெழுத்துகள் நிற்கும், வாயில் அவை வராது. இதே 'லா'வோடு காதலைச் சேர்த்து 'லா தமூர்' என்பார்கள், அதாவது அன்பின் சுருக்கு. ஐரோப்பியக் குடும்ப முத்திரைகளில் வளைந்து பின்னிய கயிறாக அதை வரைந்திருப்பார்கள். ஒருவரைத் தழுவிக்கொள்வதற்கு 'ஆன்லாசே' என்பது வினை. அதன் உள்ளேயும் அதே கயிறு. போர்ச்சுக்கீசியரிடம் 'லாசு' என்றால் சுருக்கு, ரிப்பன் முடிச்சு, அதோடு உறவு, பந்தம். குடும்பப் பிணைப்பை அவர்கள் 'லாசு' என்றே சொல்வார்கள். அந்த மொழி பேசியவர்கள் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். சவேரியார் வந்தது 1542இல்.

பிடிக்கிற கயிறும் அன்பும் ஒரே சொல்லில் இருப்பது ஐரோப்பியருக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமா என்றால், இல்லை. அதற்கு முன் நம் வீட்டுக் கயிறுகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. கிணற்றுக்குத் தாம்புக் கயிறு, தேருக்கு வடம், காளைக்கு மூக்கணாங்கயிறு. கன்றைக் கட்டுவது தும்பு. தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னது இந்தக் கயிற்றை வைத்துத்தான். பறவை பிடிப்பது கண்ணி. மீன்வலையில் ஒவ்வொரு துளையையும் கண்ணி என்றே மீனவர்கள் சொல்கிறார்கள். இரண்டடிப் பாட்டும் கண்ணி, தொடுத்த மாலையும் கண்ணி. பக்கத்து நாட்டில் நடந்த போர் கண்ணிவெடி என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த கயிறும் ஒன்று உண்டு. தென்னை நாரைக் குறிக்கும் 'காயர்' என்ற ஆங்கிலச் சொல் மலையாளக் கயறின் வழியாகப் போனது. தமிழ்க் கயிற்றுக்கு அது உடன்பிறப்பு.

ஆனால் எறிந்து பிடிக்கும் கயிற்றுக்கு மட்டும் நம்மிடம் தனிப்பெயர் இல்லை. காரணம் எளிது. நம் நாட்டில் மாடு வீட்டோடு வளர்ந்தது. வேலியில்லாத வெளியில் ஆயிரக்கணக்கில் திரிந்த மாட்டைக் குதிரை மேலிருந்து பிடிக்கும் வேலை நமக்கு இல்லை. ஏறு தழுவினவன் கயிற்றை நம்பவில்லை, கையை நம்பினான். காட்டு யானையைப் பிடிக்கச் சங்ககாலத்தில் குழி தோண்டினார்கள். பயம்பு என்று அதற்குப் பெயர்.

கயிற்றால் யானை பிடித்த தமிழ் பேசும் மக்களைப் பார்க்க வேண்டுமானால் மன்னார்க் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகவேண்டும். அங்கே பணிக்கர் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் குடும்பத்தார் அந்தத் தொழிலில் பேர்போனவர்கள். கிழக்கே ஏறாவூர்ப் பணிக்கர்களை இன்றும் சொல்வார்கள். 1840களில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இவர்கள் கயிற்றை எறிவதில்லை. தோலால் ஆன கயிற்றோடு யானையின் பின்னால் ஓசையில்லாமல் போவார்கள். அது காலைத் தூக்கும் நேரம் பார்த்துப் பின்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். லாசோவுக்குக் கை வீச்சு வேண்டும். பணிக்கருக்கு வேண்டியது மூச்சடக்கம். அப்படிப் பிடித்த யானைகள் கப்பலேறி இந்தியக் கரைக்கு வந்தன. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு வைத்த 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மற்றச் சரக்கு ஏற்றிய மரக்கலமானால் பாதி என்று விதி சொல்கிறது.

எறியும் கயிறு நம் மண்ணில் இல்லாவிட்டாலும் நம் தெய்வங்களின் கையில் இருக்கிறது. அதற்குப் பெயர் பாசம். வடமொழியிலிருந்து வந்த சொல், பொருள் சுருக்குக் கயிறுதான். பிள்ளையார் கையில் அங்குசத்தோடு இருப்பது அது. எமன் கையில் இருப்பதும் அது. திருக்கடையூரில் மார்க்கண்டேயன் லிங்கத்தைத் தழுவிக்கொள்ள, எமன் வீசிய பாசம் லிங்கத்தையும் சேர்த்து வளைத்த கதையை நாம் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் போகும்போதெல்லாம் கேட்கிறோம். ஓர் எறிசுருக்கை இதைவிடத் தெளிவாக யாரும் விவரிக்க முடியாது. வருணன் ஆயுதமும் பாசமே. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் அந்த வருணன். ஆகவே நம் கடற்கரையின் பழைய தெய்வம் கையில் லாசோ வைத்திருக்கும் தெய்வம் என்று சொன்னால் தவறில்லை.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று வைத்தது. உயிராகிய பசுவைக் கட்டியிருக்கும் கயிறு பாசம். ஆணவம், கன்மம், மாயை ஆகிய மும்மலங்களை அது அப்படி அழைக்கிறது. தத்துவத்துக்கு அது அறுபட வேண்டிய தளை. வீட்டிலோ அம்மா பிள்ளை மேல் வைப்பதும், அக்காள் தம்பி மேல் வைப்பதும் பாசம். எமன் வீசுவதும் தாய் வைப்பதும் ஒரே சொல். பிரெஞ்சுக்காரன் கண்ணியையும் தழுவலையும் ஒரே வேரிலிருந்து எடுத்ததுபோலத்தான் நம் ஆட்களும் செய்திருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. கட்டுப்படுவதில் சுகமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது.

பயத்துக்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் புளியமரத்தில் கட்டபொம்மனைக் கம்பெனிப் படை தூக்கிலிட்டது. ஆங்கிலத்தின் நூஸ் நம் பக்கத்துக்கு அகராதி வழியாக வரவில்லை, அப்படி வந்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்ததால் பேருந்தில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

மறுபக்கத்துக்குச் சாட்சி கடலில் இருக்கிறது. முத்துக்குளித்தலைச் சிப்பியையும் முத்தையும் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். அது முழுக்க முழுக்கக் கயிற்றுத் தொழில். குளிப்பவர் இறங்கும் ஆழம் 7, 8 பாகம் இருக்கும், அதாவது 40 அடிக்கும் மேல். அவ்வளவு ஆழத்துக்குத் தானாக நீந்திப் போனால் மூச்சு வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றில் கால் கோத்து நிற்பார். படகில் நிற்பவர் கயிற்றை விட்டதும் கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். அடியில் கால் பட்டதும் கல்லைவிட்டு விலகுவார். மேலே உள்ளவர் கல்லை இழுத்துக்கொள்வார். இன்னொரு கயிற்றில் சிப்பி போடும் வலைப்பை இருக்கும். ஒரு நிமிடம் முன்பின்னாகக் கைக்கு எட்டிய சிப்பியையெல்லாம் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும்.

1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல், படகில் குளிப்பவர் 10 பேர், துடுப்பு வலிக்கவும் கல்லைத் தூக்கவும் உதவ 10 பேர், ஐந்து பேர் இறங்கும்போது ஐந்து பேர் இளைப்பாறுவார்கள் என்று கணக்குச் சொல்கிறார். குளிப்பவர் கணக்கும் கயிறு பிடிப்பவர் கணக்கும் சரிபாதி என்பதைக் கவனியுங்கள். முத்தின் விலையில் அரசர்களும் வணிகர்களும் பேர் பெற்றார்கள், குளித்தவரைப் பற்றி ஓரளவு எழுதினார்கள். கயிறு பிடித்தவரைப் பற்றி யாரும் பாட்டெழுதவில்லை. கீழே இருப்பவருக்குப் பேச்சு கிடையாது. ஓர் அசைவுதான். அதைக் கை உணராவிட்டால் அவ்வளவுதான்.

அதனால்தான் முத்துக்குளிக்கப் போகிறவன் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பான் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு வரும். மைத்துனனுக்குத் தன் அக்காள் தங்கை தாலி முக்கியம், ஆகவே கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்ற பழமொழிக்கும் இதையே விளக்கமாகச் சொல்வார்கள். எல்லாப் படகிலும் மைத்துனன்தான் இருந்தான் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கயிறு யார் கையில் என்ற கேள்வி ஒவ்வொரு படகிலும் இருந்தது என்பதற்கு இந்தப் பேச்சே அத்தாட்சி. தாலியும் கயிறுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கட்டும் இருந்தது. சுறாமீனுக்குப் பயந்து, மந்திரம் சொல்லி அதன் வாயைக் கட்டுகிறவர் கரையில் இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கும் இருபதில் ஒன்று மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கும் போனதாக எழுதியிருக்கிறார். அறுநூறு ஆண்டு கழித்து, மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அதிகாரிகளும் அவருக்குப் படி கொடுத்தார்கள். அவர் இல்லையென்றால் படகு நகராது என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த கயிறு மைத்துனன் கையில், தெரியாத கயிறு கடல்கட்டியின் கையில்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சங்கு குளிப்பது பின்னும் தொடர்ந்தது. இன்று குளிப்பவர்களில் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கயிறு போய்க் குழாய் வந்தது. மேலே ஒருவர் கவனமாக இருந்தாக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

லாசோவின் சாயலை இன்று நம் ஊரில் பார்க்க விரும்புகிறவர் துறைமுகத்துக்குப் போகலாம். 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாகி, 2011 முதல் வ.உ.சி. பெயர் தாங்கும் அதே துறைமுகம். கப்பல் தளத்தை நெருங்கும்போது மேல்தட்டிலிருந்து ஒருவர் மெல்லிய கயிற்றைச் சுழற்றி எறிவார். காற்றில் திசை மாறாமலிருக்க அதன் முனையில் கனமான முடிச்சு இருக்கும். கீழே நிற்பவர்கள் அதைப் பிடித்து இழுப்பார்கள். அதன் வாலில் கட்டிய பெரிய வடம் பின்னாலேயே வரும். வடத்தின் முனையில் உள்ள வளையத்தை இரும்புக் குட்டைத்தூணில் மாட்டுவார்கள். கப்பலிலிருந்து பறந்து வரும் கயிறு கடைசியில் கப்பலையே கட்டிப்போடுகிறது. ஓடுகிறதைப் பிடிக்க அமெரிக்கன் எறிகிறான். ஓய வந்தது நிலைபெற நாம் எறிகிறோம்.

ஆகவே லாசோவுக்குத் தமிழ் கேட்பவர்களுக்கு என் பதில் இது. கதையில் மாடு பிடிக்கும் கயிறானால் சுருக்குக் கயிறு போதும். எறிந்து பிடிப்பது முக்கியமானால் எறிசுருக்கு என்று சொல்லலாம். லாசோ என்றே எழுதினாலும் குற்றமில்லை, ஆங்கிலேயனும் கடன்தான் வாங்கினான். பாசம் என்று மட்டும் இன்று மொழிபெயர்க்க முடியாது. அந்தச் சொல் கயிற்றை விட்டு மனிதரிடம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. 1961இல் இருபது வயதில் கடலில் இறங்கியவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு அருகில் இருக்கும். கல் கட்டிய கயிறு, பை கட்டிய கயிறு என்று நான் இங்கே சுற்றி வளைத்துச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் படகில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஓர் அசைவுக்கு என்ன பொருள், இரண்டு அசைவுக்கு என்ன பொருள் என்பதும் அவர்கள் கைக்குத் தெரியும். லாசோவின் வரலாறு எந்த அகராதியிலும் கிடைக்கும். இந்தப் பெயர்கள் திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் உள்ள சில முதியவர்களின் நினைவில்தான் கிடைக்கும். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி யாராவது இருந்தால் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத்துப்பிழை பரவாயில்லை.